சார்லஸ்டன் முதல் செயின்ட் ஹெலினா தீவு வரை: கறுப்பின வரலாற்றுச் சுற்றுலா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட கரோலைனாவின் சார்லட் நகரில் குடியிருக்கிறேன். தென் கரோலைனாவின் சார்லஸ்டனுக்கு இங்கிருந்து காரில் மூன்றரை மணி நேரம். ஊரிலிருந்து பெற்றோர் வந்தால், கல்லூரி நண்பர்கள் குடும்பத்தோடு வந்தால், "கடற்கரைப் பக்கம் எங்கே போகலாம்?" என்று என்னிடம் கேட்பார்கள். நான் சார்லஸ்டன் என்பேன். அதோடு விடமாட்டேன், அங்கே கறுப்பின மக்களின் வரலாற்றைச் சொல்லும் இடங்களுக்கு வழிகாட்டியோடு போய் வாருங்கள் என்பேன். அதற்குப் பிறகு கேள்விகள் வரும். ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை வலித்ததால் எல்லாவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

கறுப்பின வரலாறு என்றால் அட்லாண்டா, மான்ட்கோமரி என்றுதானே சொல்வார்கள்? சார்லஸ்டனில் அப்படி என்ன இருக்கிறது?

அந்த ஊர்களுக்கும் கட்டாயம் போக வேண்டும். ஆனால் அங்கே நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் 1950, 60களின் உரிமைப் போராட்டம். சார்லஸ்டனில் கதை அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வட அமெரிக்காவுக்கு நேரடியாகக் கடத்திவரப்பட்ட ஆப்பிரிக்கர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் இந்தத் துறைமுகத்தின் வழியாகவே வந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 1708ஆம் ஆண்டு வாக்கில் தென் கரோலைனாவில் வெள்ளையரைவிடக் கறுப்பர்கள் எண்ணிக்கையில் மிகுந்துவிட்டார்கள். அந்த ஊரின் மாளிகை, செல்வம், தேவாலயக் கோபுரம் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அவர்களுடைய உழைப்பு. குறிப்பாக நெல். அதற்குக் கீழே தனிப் பதில் இருக்கிறது.

'கல்லா' மக்கள் என்கிறீர்களே, அது ஒரு சாதியா, மொழியா?

முதலில் பெயர். 'குல்லா' என்று எழுதினால் நமக்குத் தொப்பி நினைவு வருகிறது, 'கல்லா' என்றால் கடைக்காரரின் பணப்பெட்டி. உச்சரிப்புக்குப் பின்னதே நெருக்கம் என்பதால் கல்லா என்றே எழுதுகிறேன். ஜார்ஜியா பக்கம் கீச்சி என்பார்கள். இரண்டையும் சேர்த்துக் கல்லா கீச்சி என்பது இப்போதைய வழக்கம்.

கரையோரத் தீவுகளிலும் தாழ்நிலங்களிலும் அடிமைப்படுத்தப்பட்டு வாழ்ந்த ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். மலேரியாவுக்குப் பயந்து தோட்ட முதலாளிகள் கோடை முழுவதும் வேறு இடங்களில் தங்கினார்கள். தீவுகளுக்குப் பாலமும் கிடையாது. அப்படித் தனித்து வாழ்ந்ததால் பல ஆப்பிரிக்க இனங்களின் சொற்களும் ஆங்கிலமும் கலந்து ஒரு தனி மொழியே உருவாகி நிலைத்தது. கறுப்பின மொழியியலாளர் லோரன்சோ டவ் டர்னர் 1930களில் தீவு தீவாகச் சென்று பதிவு செய்து, 1949இல் நூலாக வெளியிடும் வரை அதைக் கொச்சை ஆங்கிலம் என்றே படித்தவர்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பதிவேட்டில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட இன்னொரு பெயர் என்ற பழக்கம் இவர்களிடமும் உண்டு. அந்த வீட்டுப் பெயரைக் 'கூடைப் பெயர்' என்பார்கள். டர்னர் திரட்டிய ஆப்பிரிக்கச் சொற்களில் பெரும்பகுதி இத்தகைய பெயர்கள்தான்.

2006இல் அமெரிக்க நாடாளுமன்றம் வட கரோலைனாவிலிருந்து ஃபுளோரிடா வரையுள்ள கரையோரத்தைக் கல்லா கீச்சிப் பண்பாட்டு மரபு வழித்தடமாக அறிவித்தது. சாலையோரம் அதன் பெயர்ப்பலகைகளைப் பார்ப்பீர்கள்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

நகரத்துக்கு ஒன்றரை நாள், அடிமை உழைப்பில் நடந்த பழைய பண்ணைத் தோட்டம் ஒன்றுக்கு அரை நாள், ஒன்றரை மணி நேரத் தொலைவிலுள்ள பியூஃபோர்ட் ஊருக்கும் அதன் பக்கத்திலுள்ள செயின்ட் ஹெலினா தீவுக்கும் ஒரு முழு நாள். ஆக மூன்று. இரண்டே நாள்தான் என்றால் தோட்டத்தையும் நகரத்தையும் சுருக்குங்கள், தீவை விடாதீர்கள்.

வழிகாட்டி எதற்கு? கூகுள் மேப் இருக்கிறதே, நாமே சுற்றிக்கொள்ளலாமே?

சுற்றலாம். அழகான ஓர் ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். இந்த ஊரின் சிக்கலே அந்த அழகுதான். முதல் முறை நானும் வண்ண வண்ண வீடுகளைப் படமெடுத்துக்கொண்டு வந்தவன். இரண்டாம் முறை ஒரு கறுப்பின வழிகாட்டியோடு நடந்தபோது, ஒரு செங்கல் சுவரின் முன்னால் நிறுத்தி, "விரலை இங்கே வையுங்கள்" என்றார். செங்கல்லில் சிறு சிறு குழிகள். ஈரச் செங்கலைத் திருப்பிப் போட்டுக் காயவைத்த குழந்தைகளின் விரல் தடங்கள். என் விரல் அதில் கொள்ளவில்லை. அதே தெருவில் முந்தைய முறை ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி நடந்து போயிருக்கிறேன்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. எய்க்கன் ரெட் மாளிகையில் காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிவழிகாட்டியே போதும். முதலாளி குடும்பத்தின் வீட்டைப் புதுப்பிக்காமல் பழுதோடு அப்படியே வைத்திருக்கிறார்கள். பின்கட்டில் சமையலறைக்கும் சலவைக்கூடத்துக்கும் மேலே அடிமைப்படுத்தப்பட்டவர்கள் படுத்துறங்கிய அறைகள் இருக்கின்றன. நகரத்துக்குள் இவ்வளவு முழுமையாக எஞ்சியிருப்பவை அரிது.

உரிமம் பெற்ற வழிகாட்டியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒருகாலத்தில் சார்லஸ்டனில் தேர்வெழுதி உரிமம் வாங்காமல் காசுக்குச் சுற்றிக் காட்ட முடியாது. அது பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2018இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த விதியை நீக்கிவிட்டது. இப்போது சான்றிதழ் அவரவர் விருப்பம். எனவே உரிமத்தை மட்டும் வைத்துத் தரம் பிரிக்க முடியாது.

நான் பார்ப்பது பேச்சை. அடிமைப்படுத்தப்பட்டவர்களை 'வேலைக்காரர்கள்' என்று மென்மையாகச் சொல்லி நகர்ந்தால் அந்தச் சுற்றுலாவிலிருந்து பெரிதாக எதுவும் கிடைக்காது. பெயர் சொல்லி, தொழில் சொல்லி, "இந்த இரும்புக் கதவை அடித்தவர் யார், இந்தச் சுவரை எழுப்பியவர் யார்" என்று போகிறாரா என்று விமர்சனங்களில் தேடுங்கள். கல்லாக் குடும்பத்தில் பிறந்து, அந்த மொழியிலேயே கதை சொல்லும் வழிகாட்டிகள் வேன் வைத்தும் நடைப்பயணமாகவும் நடத்துகிறார்கள். முன்பதிவு செய்துவிடுங்கள், வார இறுதியில் இடம் கிடைக்காது. முடிவில் கட்டணத்தில் 15 முதல் 20 விழுக்காடு அன்பளிப்பு கொடுப்பது இங்கே வழக்கம்.

புதிய மியூசியம் ஒன்றைப் பார்த்தால் போதாதா?

சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க மியூசியத்தைச் சொல்கிறீர்கள். 2023 ஜூன் 27 அன்று திறந்தார்கள். கேட்ஸ்டன் துறை என்ற பழைய கப்பல்துறை இருந்த இடத்தில், ஆப்பிரிக்கர்களை இறக்கிச் சிறைவைத்த அதே மண்ணில், கட்டடம் தரையைத் தொடாமல் 18 தூண்களின் மேல் 13 அடி உயரத்தில் நிற்கிறது. கீழே நினைவுத் தோட்டம். ஆழமற்ற நீர்ப்பரப்பின் அடியில், கப்பலின் அடித்தளத்தில் நெருக்கி அடுக்கப்பட்ட மனித உருவங்கள் கோட்டுருவாய்க் கிடக்கும். தண்ணீர் ஏறும்போது மறையும், வடியும்போது தெரியும். தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. மாலையில் ஒரு முறை அங்கே சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

உள்ளே குடும்ப மரபைத் தேடித் தரும் ஆய்வுப் பிரிவு ஒன்று இருக்கிறது. பாட்டன் பெயர் ஏலப் பட்டியலில் மட்டுமே கிடைக்கும் நிலையில் உள்ளவர்கள் அங்கே கண்கலங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மியூசியம் நல்ல தொடக்கம், ஆனால் அது ஒரு கண்ணாடிப் பெட்டிதான். மண் வெளியே இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை, டிக்கெட்டில் நுழைவு நேரம் குறித்திருக்கும்.

நகரின் நடுவில் உள்ள பெரிய சிட்டி மார்க்கெட்டில்தான் அடிமைகளை விற்றார்களாமே?

இல்லை. இது ஊரறிந்த பிழை. அங்கே விற்றது இறைச்சி, மீன், காய்கறி. விற்றவர்களில் கறுப்பினப் பெண்கள் ஏராளம் என்பது வேறு கதை.

மனிதர்களைப் பழைய எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் அருகே திறந்தவெளியில் ஏலம் விட்டார்கள். 1856இல் நகராட்சி அதற்குத் தடை போட்டது. இரக்கம் காரணமில்லை, தெருவில் நடப்பது கண்ணுக்கு அழகாக இல்லை என்றுதான். ஏலம் சுவர்களுக்குள் போயிற்று. சால்மர்ஸ் தெருவில் உள்ள பழைய அடிமைச் சந்தை மியூசியம் அப்படி ஏலம் நடந்த கட்டடங்களில் ஒன்று. சிறிய இடம், படித்துப் பார்க்க வேண்டியவை அதிகம். ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வயதும் கைத்தொழிலும் விலையும் எழுதிய ஏல விளம்பரங்களை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள்.

சுட்டுக்கொன்ற சம்பவம் நடந்த அந்தத் தேவாலயத்துக்குள் போகலாமா?

இமானுவேல் தேவாலயம். அன்னை இமானுவேல் என்று அழைப்பார்கள். வழிபாடு நடக்கும் கோயில் அது, காட்சிப்பொருள் இல்லை. ஞாயிறு வழிபாட்டுக்குப் போனால் வரவேற்பார்கள். மற்ற நாட்களில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 2015 ஜூன் 17 இரவு, வேதபாட வகுப்பில் தங்களோடு உட்கார வைத்துக்கொண்ட ஓர் இனவெறியனால் அங்கே ஒன்பது பேர் கொல்லப்பட்டார்கள். போதகரும் மாநில செனட்டருமான கிளமென்டா பிங்க்னி அவர்களில் ஒருவர்.

இதற்கு முந்தைய கதையையும் வழிகாட்டியிடம் கேளுங்கள். இந்தச் சபையின் தொடக்ககாலத் தலைவர்களில் ஒருவர் டென்மார்க் வெசி என்ற தச்சர். 1799இல் லாட்டரியில் 1500 டாலர் விழுந்தது. அதில் 600 டாலர் கொடுத்துத் தன்னைத் தானே விலைக்கு வாங்கிக்கொண்டார். மனைவி மக்களை மீட்க முடியவில்லை. 1822இல் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாக அவரையும் சேர்த்து 35 பேரைத் தூக்கிலிட்டார்கள், தேவாலயத்தையும் அழித்தார்கள். 1834இல் கறுப்பினத் தேவாலயங்களுக்கே தடை வந்தது. சபை மறைவாகக் கூடியது. இப்போதுள்ள கட்டடம் 1891இல் எழுந்தது.

தேவாலயம் இருக்கும் தெருவுக்கு அடிமைமுறையை வாழ்நாள் முழுவதும் ஆதரித்த அரசியல்வாதி கால்ஹூனின் பெயர். சற்றுத் தள்ளியுள்ள மேரியன் சதுக்கத்தில் உயரத் தூணின் மேல் நின்ற அவருடைய சிலையை 2020 ஜூனில் இறக்கிவிட்டார்கள். வெசிக்கு 2014இலேயே ஹாம்ப்டன் பூங்காவில் சிலை வைத்தாயிற்று. அந்தப் பூங்காவில், 1865 மே 1 அன்று, உள்நாட்டுப் போரில் (1861–65) தென்புலத்தாரின் சிறைமுகாமில் இறந்த 257 வடபுலப் படைவீரர்களின் கல்லறைகளுக்கு விடுதலை பெற்ற கறுப்பர்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலமாய்ப் போய் மலரிட்டார்கள். போரில் இறந்த படைவீரர்களுக்காக நாடு இன்று கொண்டாடும் நினைவு நாளின் மிகப் பழைய வடிவங்களில் அதுவும் ஒன்று.

தோட்டங்கள் நிறைய இருக்கின்றன. எதற்குப் போவது?

ஒன்றுதான் என்றால் ஜேம்ஸ் தீவில் உள்ள மக்லியோட். பருத்தித் தோட்டமாக இருந்தது. 2015இல் மாவட்டப் பூங்காத் துறை திறந்தது முதல், கதையை முதலாளியின் வரவேற்பறையில் தொடங்காமல் குடிசை வரிசையில் தொடங்குகிறார்கள். வழிகாட்டி நுழைவுக் கட்டணத்திலேயே அடக்கம். அந்த மர வீடுகளில் 1990 வரை ஆட்கள் குடியிருந்தார்கள். அதைச் சொல்லும்போது கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழும்.

பூன் ஹாலில் ஒன்பது பழைய செங்கல் குடில்கள் இருக்கின்றன. கல்லாப் பெண்கள் பாட்டும் கதையுமாக நடத்தும் நிகழ்ச்சி நன்றாக இருக்கும். ஆனால் பெரும்பாலான கூட்டம் வருவது ஓக் மரச் சாலையில் படமெடுக்க. மிடில்டன் பிளேஸ், மேக்னோலியா இரண்டும் தோட்டக்கலைக்குப் பேர்போனவை. அங்கே போனால் குடில்களைக் காட்டும் தனிச் சுற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பூக்களோடு திரும்ப வேண்டியதுதான்.

நெல்லுக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம்? அமெரிக்காவில் சோளம்தானே?

எனக்குப் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீளும். மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய செனகல் முதல் சியரா லியோன் வரையுள்ள கரையில், பல நூற்றாண்டுகளாக நெல் விளைவித்தவர்கள் இருந்தார்கள். ஆப்பிரிக்காவுக்கே உரிய நெல்லினம் ஒன்று உண்டு. அந்தக் கரையிலிருந்து வரும் ஆட்களுக்குச் சார்லஸ்டன் வணிகர்கள் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருந்தார்கள், விளம்பரங்களிலும் அதைக் குறிப்பிட்டார்கள். இங்கே விளைந்து பேர்வாங்கிய 'கரோலைனா கோல்டு' ஆசிய நெல்லினம்தான். அதை விளைவித்த நுட்பத்தில் ஆப்பிரிக்கர்களின் அறிவு எவ்வளவு என்பது பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். கருவிகளைப் பார்த்தால் எனக்குப் பெரிதாகச் சந்தேகம் வருவதில்லை.

சதுப்புக் காட்டை வெட்டி, மைல் கணக்கில் கரை எழுப்பி, மதகு வைத்தார்கள். கடல் ஏறும்போது ஆற்றின் நன்னீர் மேலே தள்ளப்படும். அந்த நேரத்தில் மதகைத் திறந்து வயலுக்குப் பாய்ச்ச வேண்டும். உப்பு வந்துவிட்டால் பயிர் போயிற்று. ஆரம்பத்தில் குடைந்த மரத்தண்டே மடையாக இருந்ததால், பிற்காலப் பலகை மதகுக்கும் அடிமரம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே நின்றுவிட்டது. பெண்கள் விதையை மண்ணில் போட்டுக் குதிகாலால் மூடினார்கள். அறுத்ததை உரலில் உலக்கையால் குத்தி, வட்டக் கூடைத் தட்டில் புடைத்தார்கள். முழு அரிசி கப்பலேறிற்று, நொய் அவர்களுக்கு.

என் மாமியார் கும்பகோணம் பக்கம். மியூசியத்தில் அந்தப் புடைக்கும் தட்டைப் பார்த்ததும் கண்ணாடிக்கு வெளியே நின்று கையை அசைத்துக் காட்டினார், "இப்படித்தானே?" பக்கத்தில் நின்ற கறுப்பின மூதாட்டி தலையாட்டிவிட்டுத் தானும் அசைத்துக் காட்டினார். இருவருக்கும் பொது மொழி கிடையாது. நான் மொழிபெயர்க்கப் போய், தேவையில்லை என்று நின்றுவிட்டேன்.

அந்த வயல்களை இப்போதும் பார்க்க முடியுமா?

முடியும். உள்நாட்டுப் போருக்குப் பிறகு கட்டாய உழைப்பு போனது, 1893இலும் 1911இலும் வந்த புயல்கள் கரைகளை உடைத்தன, நெல் முடிந்தது. சார்லஸ்டனுக்கு மேற்கே காகா பூங்காவில் பழைய கரைகளின் மேலேயே நடந்து போகலாம். வரப்பு தெரிந்த கண்ணுக்கு எல்லாம் புரியும். அங்கே போகும் நெடுஞ்சாலை 17இல், 1739 செப்டம்பர் 9 அன்று அடிமைப்படுத்தப்பட்டவர்கள் ஆயுதமேந்தி நடத்திய ஸ்டோனோ கிளர்ச்சிக்கு ஓர் அறிவிப்புப் பலகை நிற்கிறது. மணிக்கு 60 மைலில் போனால் கண்ணில் படாது. அந்தக் கிளர்ச்சிக்குப் பின் வந்த 1740 சட்டம், அடிமைப்படுத்தப்பட்டவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையே குற்றமாக்கியது.

சாலையோரத்தில் விற்கும் புல்கூடைக்கு இவ்வளவு விலையா? பேரம் பேசலாமா?

வேண்டாம். மவுன்ட் பிளசன்ட் பகுதியில் நெடுஞ்சாலை 17இன் ஓரம் கொட்டகை போட்டு விற்பவர்கள் தாங்களே பின்னியவர்கள். பின்னுவது என்பதுகூடச் சரியில்லை, சுருட்டிச் சுருட்டித் தைப்பது. இனிப்புப் புல், பைன் ஊசியிலை, கோரை, ஓலை நார். தைக்க ஊசி கிடையாது, கரண்டிக் காம்பைத் தேய்த்து வைத்திருப்பார்கள். உள்ளங்கை அளவுக் கூடைக்கே பல மணி நேரம் ஆகும். கரையோரத்தில் குடியிருப்புகள் பெருகப் பெருகப் புல் கிடைக்கும் இடமும் சுருங்கிவருகிறது. மேலே சொன்ன புடைக்கும் தட்டின் பேத்திதான் இந்தக் கூடை. 2006இல் மாநிலத்தின் கைவினையாக அறிவித்தார்கள். வாங்க முடியாவிட்டால் பாராட்டிவிட்டு நகருங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

பியூஃபோர்ட் வரை ஒன்றரை மணி நேரம் ஓட்டிப் போக வேண்டுமா? அங்கே கடற்கரைகூடப் பெரிதாக இல்லையாமே?

துன்பத்தைப் பார்த்த கண் அதற்குப் பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டாமா? 1861 நவம்பரில் வடபுலக் கடற்படை இங்கே வந்ததும் முதலாளிகள் ஓடிவிட்டார்கள். நிலத்தில் உழைத்தவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். போர் முடியும் முன்பே இங்கே பள்ளி, கூலி உழைப்பு, சொந்த நிலம், கறுப்பினப் படை எல்லாம் தொடங்கிவிட்டன. 1862இல் செயின்ட் ஹெலினா தீவில் தொடங்கிய பென் பள்ளி, இன்று பென் மையம். ஓக் மரங்களுக்கு நடுவே அமைதியான இடம். 1960களில் மார்ட்டின் லூதர் கிங் தன் இயக்கத்தாரோடு கூடித் திட்டமிட இங்கே வந்தார். கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒன்றாகத் தங்கிப் பேச இடம் கொடுத்தவர்கள் அப்போது தென் மாநிலங்களில் அரிது.

ராபர்ட் ஸ்மால்ஸ் கதையைப் பியூஃபோர்ட்டில் கேட்க வேண்டும். 1862 மே 13 விடியுமுன், சார்லஸ்டனில் தென்புலப் படையின் 'பிளான்டர்' கப்பலை, வெள்ளைக் கேப்டன் கரையில் உறங்கும் நேரம் பார்த்துக் கிளப்பினார். கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, கோட்டைகளுக்கு உரிய சமிக்ஞைகளை ஊதியபடி குடும்பத்தோடு தப்பி, கப்பலை வடபுலத்தாரிடம் ஒப்படைத்தார். வயது 23. பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினர். தன் தாயும் தானும் அடிமையாய் இருந்த வீட்டையே விலைக்கு வாங்கினார். பிரின்ஸ் தெருவில் அதை வெளியே நின்று பார்க்கலாம். உள்நாட்டுப் போரை ஒட்டிய மறுசீரமைப்புக் காலத் தேசிய வரலாற்றுப் பூங்காவின் அலுவலகமும் இந்த ஊரில்தான். நுழைவு இலவசம், பூங்கா அலுவலர்கள் பொறுமையாகப் பேசுவார்கள். போகும் வழியில் கொம்பாஹி ஆற்றுப் பாலத்துக்கு, அடிமைத்தனத்திலிருந்து தானும் தப்பிப் பிறரையும் மீட்ட ஹேரியட் டப்மன் என்ற பெண்ணின் பெயர். 1863 ஜூன் 2 அன்று அவர் படையோடு அந்த ஆற்றில் ஏறி 700க்கு மேற்பட்டவர்களை விடுவித்தார்.

சைவம் கிடைக்குமா?

கேட்டு வாங்கினால் கிடைக்கும். சிவப்புச் சாதம் பார்க்க நம் தக்காளிச் சாதம் போலவே இருக்கும், ஏமாறாதீர்கள், பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும். காராமணியும் சோறும் சேர்ந்த ஹாப்பின் ஜான், கீரை, வெண்டைக்காய்ச் சூப் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை. "இறைச்சி இல்லையா?" என்று கேட்டால் "இல்லை, வாசனைக்குக் கொஞ்சம்தான்" என்பார்கள். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு இறால், நண்டு என்று விருந்து.

எந்த மாதம் போகலாம்? அப்பாவுக்கு முழங்கால் வலி.

மார்ச் முதல் மே பாதி வரை, அல்லது அக்டோபர், நவம்பர். ஜூலையும் ஆகஸ்டும் சென்னையை நினைவூட்டும், கூடவே கொசு. செப்டம்பர் புயல் மாதம். பழைய நகரின் நடைபாதைகள் மேடும் பள்ளமும், சால்மர்ஸ் தெரு முழுக்க உருளைக்கல். முழங்கால் வலிக்காரர்களுக்கு வேன் சுற்றுலாதான் சரி.

பத்து வயதுப் பையனை அழைத்துப் போகலாமா? பயந்துவிடுவானோ?

மியூசியம், மக்லியோட், பென் மையம் சரியாக வரும். அடிமைச் சந்தையை உங்கள் பிள்ளையின் மனம் அறிந்து முடிவு செய்யுங்கள். ஸ்மால்ஸ் கதையில் தொடங்கினால் மற்றதைக் கேட்கும் பொறுமை வரும் என்பது என் வீட்டு அனுபவம்.

வழிகாட்டியிடம் பேசும்போது எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது? தவறாகப் பேசிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

நம் பழைய பாடப்புத்தகங்களில் 'நீக்ரோ' என்று படித்தோம். அதை ஊரிலேயே விட்டுவிடுங்கள். 'பிளாக்', 'ஆப்பிரிக்கன் அமெரிக்கன்' இரண்டும் சரி. அடிமை என்பதற்கும் இப்போது அடிமைப்படுத்தப்பட்டவர் என்றே சொல்கிறார்கள். பிறவியிலேயே அடிமை என்று யாரும் இல்லை, ஒருவர் இன்னொருவருக்குச் செய்தது அது என்பதைச் சொல்லின் வடிவமே சொல்லிவிடுகிறது. தமிழில் நீளம்தான். நானும் இங்கே அதையே எழுதப் பார்த்திருக்கிறேன்.

எல்லா முதலாளிகளும் கொடியவர்களா? வேலையை முடித்தால் மீதி நேரம் அவர்களுக்கே என்று படித்தேனே.

படித்தது உண்மை. நெல் தோட்டங்களில் ஆளுக்குக் கால் ஏக்கர் என்று அளந்து கொடுக்கும் முறை இருந்தது. நம் கணக்கில் 25 சென்ட். அதை முடித்தபின் சொந்தமாகக் காய்கறி போடலாம், கோழி வளர்க்கலாம். கல்லாப் பண்பாடு தழைக்க அந்த மிச்ச நேரம் ஒரு காரணம். ஆனால் இடுப்பளவுச் சேற்றில், மலேரியாக் கொசுக்களுக்கு நடுவில், 25 சென்டை ஒருநாளில் கொத்தி முடிப்பது என்ன என்று தஞ்சை விவசாயியைக் கேளுங்கள். முடிக்காவிட்டால் சவுக்கு. முதலாளி கடனில் செத்தால், கோழி வளர்த்தவரும் அவர் பிள்ளையும் வேறு வேறு ஏலத்தில். நல்லவரா கெட்டவரா என்று ஆளாளாய் நிறுப்பதில் பயனில்லை. அந்த ஏலத்தை அனுமதித்த சட்டத்தில்தான் நல்லவரும் கெட்டவரும் வாழ்ந்தார்கள். 2018 ஜூன் 19 அன்று சார்லஸ்டன் நகரமன்றம் அடிமைமுறையில் தன் பங்குக்காக மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு? அவர்கள் வரலாறு அவர்களுக்கு.

மியூசியத்தில் வணிகப் பொருட்களைக் காட்டும் பகுதியில் துணிகளைத் தேடுங்கள். ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்ட பண்டங்களில் இந்தியப் பருத்தித் துணிக்குப் பெரிய இடம் உண்டு. சோழமண்டலக் கரையில் நெய்து, சாயம் தோய்த்து, கம்பெனிக் கப்பலில் லண்டன் போய், அங்கிருந்து கினியாக் கரைக்குப் போனது அதில் ஒரு பகுதி. நெசவாளிக்குத் தன் துணி எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை.

இன்னொன்று. 1959இல் கிங் இந்தியா வந்து ஒரு மாதம் சுற்றினார். கேரளத்தில் ஒரு பள்ளியில் அவரை 'அமெரிக்காவிலிருந்து வந்துள்ள நம் சக தீண்டப்படாதவர்' என்று அறிமுகப்படுத்தினார்களாம். முதலில் அதிர்ச்சி, பிறகு யோசித்து, ஆம், நான் தீண்டப்படாதவன்தான் என்று ஒப்புக்கொண்டதாகப் பின்னாளில் தன் பிரசங்கம் ஒன்றில் சொன்னார். மக்லியோடின் குடிசை வரிசையில் நின்றபோது என் நண்பர் ஒருவர், "எங்கள் ஊரிலும் தெரு இப்படித்தான் பிரிந்திருக்கிறது" என்றார். வழிகாட்டி விளக்கம் கேட்டார். அன்றைய சுற்று அரைமணி நேரம் நீண்டுவிட்டது.

கல்லா மக்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்களா? நாம் கொடுக்கும் பணம் அவர்களுக்குப் போகிறதா?

வாழ்கிறார்கள், ஆனால் நிலம் கைநழுவுகிறது. விடுதலைக்குப் பின் வாங்கிய நிலத்தை உயில் எழுதாமலே தலைமுறை தலைமுறையாக அனுபவித்தார்கள். பாகப்பிரிவினை ஆகாத பூர்வீகச் சொத்து என்றால் நமக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கோ தொலைவில் இருக்கும் பங்காளி ஒருவரின் பங்கை வாங்கிவிட்டு, நீதிமன்றத்தின் வழியாக மொத்த நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவந்துவிட முடியும். ஹில்டன் ஹெட் தீவில் 1862இலேயே விடுதலை பெற்றவர்கள் மிட்செல்வில் என்று தங்களுக்கென ஓர் ஊர் அமைத்துத் தாங்களே ஆண்டார்கள். இன்று அதே தீவில் வாயிற்காவல் போட்ட சொகுசுக் குடியிருப்புகள், அவற்றில் பலவற்றுக்குப் 'பிளான்டேஷன்' என்றே பெயர், அடிமைத் தோட்டங்களுக்கு வழங்கிய அதே சொல்.

பணம் யாருக்குப் போகிறது என்பது நீங்கள் யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கல்லாக் குடும்பங்கள் நடத்தும் வேன், சாலையோரக் கூடை, தீவின் சாப்பாட்டுக் கடை, பென் மையத்து டிக்கெட் என்றால் நேராகப் போகும். செயின்ட் ஹெலினாவில் 1999 முதல் கோல்ஃப் மைதானத்துக்கும் வாயிற்காவல் குடியிருப்புக்கும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டிருக்கிறது. 2023இல் ஒரு மனை வணிகர் அதைத் தளர்த்தக் கேட்டபோது தீவுக்காரர்கள் கூட்டம் கூட்டமாய்ப் போய் எதிர்த்தார்கள். தடை நின்றது. பாலத்தைக் கடந்ததும் சாலையோரம் தக்காளி வயல்கள் தெரியும்.